ஏர்டேக்: வாங்காதவரையும் கருதி ஒரு மதிப்புரை

சாவி, பெட்டி போன்றவை தொலைந்தால் அவை இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் சிறு வில்லையான ஆப்பிளின் ஏர்டேக் 2021 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தபோது இந்தியாவில் அதன் விலை 3,190 ரூபாய். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய, 11 கிராம் எடையுள்ள இந்த வில்லையைச் சாவிக்கொத்தில் கோக்க ஒரு துளைகூட இல்லை. அதற்கான உறையைத் தனியே காசு கொடுத்து வாங்க வேண்டும். உள்ளே இருப்பது கைக்கடிகாரக் கடைகளில் கிடைக்கும் சிஆர்2032 பேட்டரி. ஓராண்டுக்கு மேல் வரும் என்கிறார்கள்.

தான் இருக்கும் இடத்தைத் தானே கணிக்கும் ஆற்றல் இதற்குக் கிடையாது. இது புளூடூத் சமிக்ஞையை விட்டுக்கொண்டே இருக்க, அருகில் கடந்துபோகும் யாரோ ஒருவரின் ஐபோன் அதைப் பெற்று, இடத்தை மறையாக்கம் செய்து உடையவருக்குச் சேர்ப்பிக்கிறது. ஆகவே ஐபோன்கள் மிகுந்த நகரத்தில் இது துல்லியமாகவும், அவை அரிதான ஊரில் ஏறக்குறைய ஊமையாகவும் இருக்கும். பயணப்பெட்டியைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய பொருளை நான் பயன்படுத்தியதில்லை.

ஆனால் பெட்டியைக் காட்டிக்கொடுக்கும் அதே துல்லியம், பிரிந்துபோன மனைவியின் காரில் ஒருவன் இதை ஒளித்துவைத்தால் அவளையும் காட்டிக்கொடுக்கும். அத்தகைய குற்றங்கள் அமெரிக்காவில் பதிவாகி, பாதிக்கப்பட்டவர்கள் 2022 டிசம்பரில் ஆப்பிள் மீது வழக்குத் தொடுத்தார்கள். கத்தி செய்பவர் கொலைக்குப் பொறுப்பாவாரா என்று வழக்கமாகக் கேட்பார்கள். கத்தி கடையைவிட்டுப் போனதும் கொல்லருக்கும் அதற்குமான தொடர்பு முடிந்துவிடுகிறது; இந்த வில்லையோ, ஒவ்வொரு முறை இடம் காட்டும்போதும் ஆப்பிள் நடத்திவரும் வலையமைப்பின் வழியாகவே காட்டுகிறது. அந்த ஒப்புமை இங்கே பொருந்தாது என்பதே என் கருத்து.

நிறுவனம் கைகட்டி நின்றது என்று சொல்லவில்லை. அறியாத வில்லை ஒன்று உடன் வருவதாக ஐபோனில் எச்சரிக்கும் வசதி தொடக்கத்திலேயே இருந்தது. பிறரை அவர்கள் சம்மதமின்றிப் பின்தொடர்வது பல நாடுகளில் குற்றம் என்ற அறிவிப்பை 2022இல் சேர்த்தார்கள். குறை வேறிடத்தில் இருக்கிறது. உடையவரைப் பிரிந்து மூன்று நாள் ஆன பிறகே வில்லை ஒலி எழுப்பும் என்று முதலில் வைத்திருந்தார்கள். 2021 ஜூனில் அதை 8 முதல் 24 மணி நேரமாகக் குறைத்தார்கள். வேவு பார்ப்பவன் அதே வீட்டில் வாழும் கணவனாக இருந்து மாலைதோறும் அருகில் வந்துவிட்டால், அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவருக்கு 2021 டிசம்பரில் ஒரு செயலி தந்தார்கள்; அதையும் அவரே சந்தேகப்பட்டு, அவரே நிறுவி, அவரே தேட வேண்டும். தானாக வரும் எச்சரிக்கை 2023 ஜூலையில்தான் ஆண்ட்ராய்டுக்கு வந்தது, அதுவும் கூகுள் வழியாக. இந்தியாவில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டே என்பதை நினைத்தால், இரண்டாண்டுக்கு மேற்பட்ட இந்த இடைவெளி சிறியதாகத் தெரியவில்லை. பொருளை வாங்கவே வாங்காதவர் மீது அதிலிருந்து தப்பும் வேலையைச் சுமத்திவிட்டு, அதைப் பாதுகாப்பு வசதி என்று அழைத்தார்கள்.

போட்டி நிறுவனமான டைல் 2023இல் வேறு வழியில் போனது: அடையாளச் சான்று கொடுத்து, வேவு பார்த்த குற்றம் உறுதியானால் பத்து லட்சம் டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டால், பிறர் கண்டுபிடிக்க முடியாதபடி அதன் வில்லையை வைக்கலாம். திருடனைப் பிடிக்க உதவலாம். ஆனால் வேவு பார்க்கப்படுகிறவருக்கு அந்த ஒப்பந்தத் தாள் எப்படித் துணைநிற்கும் என்று எனக்கு விளங்கவில்லை. அதோடு ஒப்பிட்டால் ஆப்பிளின் வழியே மேல்.

வாங்கலாமா என்றால், பெட்டிக்கும் சாவிக்கும் தாராளமாக வாங்கலாம். என் மனைவியிடம் சொல்லிவிட்டு அவர் கைப்பையில் இதைப் போட்டு, அவருடைய ஆண்ட்ராய்டு போனின் பாதுகாப்பு அமைப்புகளுக்குள் சென்று தேடச் சொன்னேன். சிறிது நேரத்தில் வில்லை அகப்பட்டது. அப்படி ஒரு வசதி தம் போனில் இருப்பதே அன்றுவரை அவருக்குத் தெரியாது.