அரை நாள் ஆட்டோவில் கடலூர்க் கோட்டைச் சுற்று

மஞ்சக்குப்பத்திலிருந்து ஆட்டோவில் ஏற்றி, புனித டேவிட் கோட்டையையும் தேவனாம்பட்டினம் கடற்கரையையும் அரை நாளில் காட்டுகிறார் ஒரு அண்ணன். 700 ரூபாய். பத்தாவது படிக்கும் மகளோடு போனேன். "நம்ம நாட்டுக்கு மூணு பக்கமும் கடல் இருக்கு, எவன்ம்மா உள்ளே வர முடியும்?" என்று அவள் கேட்டிருந்தாள்.

முதலில் குண்டு உப்பலவாடிப் பக்கம் வண்டியை விட்டார். 1690-ல் மராத்தியரிடம் கோட்டையை வாங்கிய ஆங்கிலேயர் பீரங்கியால் சுட்டார்கள். குண்டு போய் விழுந்த தூரம் வரை நிலம் அவர்களுடையது. பெயரிலுள்ள 'குண்டு' அதுதானாம். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கப்பலில் புதுச்சேரி வந்திறங்கி, சில வாரத்திலேயே இந்தக் கோட்டையைப் பிடித்து இடித்தார். அதே லாலி 1761 சனவரியில் புதுச்சேரியில் சரணடைந்தார்: தரையில் முற்றுகை, கடலில் ஆங்கிலக் கப்பல்கள், ஊருக்குள் பட்டினி. "கப்பல் வெச்சிருந்தவனுக்குத்தான் பாப்பா கடல் அரண். இல்லாதவனுக்கு அது திறந்த வாசல்" என்றார் ஆட்டோ அண்ணன். மகள் அதன்பின் வெகுநேரம் அலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் நெஞ்சு கனத்தது.

ஒரு குறை: 1783 சூனில் கடலூருக்கு எதிரே பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரெனும் ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஹியூஸும் மோதிய கடற்போரை இரண்டே வரியில் முடித்துவிட்டார். நீங்கள் போனால் விடாமல் கேளுங்கள். காலை ஆறரைக்கே கிளம்புங்கள், பத்து மணிக்கு மேல் மணலில் கால் வைக்க முடியாது. தண்ணீர் நாம்தான் கொண்டுபோக வேண்டும்.