அளவு நோட்டு திரும்பக் கிடைத்தது: ஐபோன் பேக்கப் பற்றி

கும்பகோணத்தில் பதினேழு ஆண்டுகளாகப் பெண்களுக்கான தையற்கடை நடத்துகிறேன். வாடிக்கையாளர்களின் ரவிக்கை அளவுகள் முன்பு நீள நோட்டில் இருந்தன. பிறகு கைபேசியின் குறிப்புச் செயலிக்கு மாற்றினேன். யாருக்கு அக்குளில் இறுக்கிப் பிடிக்கும், யாருக்கு முதுகு இறக்கம் ஓர் அங்குலம்கூடக் கூடக்கூடாது என்பதெல்லாம் அதில்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, கண்ணாடி மாற்றக் கொடுத்த ஆண்ட்ராய்டு கைபேசி முழுவதும் அழிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. முந்தின நாளே கேபிள் போட்டு எல்லாவற்றையும் மடிக்கணினியில் எடுத்துவைத்திருந்தேன். படங்கள் இருந்தன. அளவுகள் இல்லை. கேபிள் வழியாகக் கணினிக்குத் தெரிவது பொதுச் சேமிப்பிடம் மட்டும்தான். செயலி தன் தகவலைத் தனக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் வைத்திருக்கும். அந்த இடம் நம் கண்ணுக்குப் படாது. அந்தத் தீபாவளிக்கு அளவு ரவிக்கை கேட்டு வீடு வீடாக ஆள் அனுப்பினேன்.

அதன்பின் தம்பி தன் பழைய ஐபோனைக் கொடுத்தான். அதில் நான் முதலில் பார்த்தது கேமராவை அல்ல, கணினியில் பேக்கப், அதாவது கைபேசித் தகவலின் காப்பு நகல், எடுக்கும் வசதியை. விண்டோஸ் மடிக்கணினியில் ஆப்பிள் டிவைசஸ் என்ற இலவசச் செயலி போதும். கேபிளை இணைத்து, இந்தக் கணினியை நம்பலாம் என்று கைபேசியில் ஒப்புதல் கொடுத்தால் வேலை தொடங்கும். முதல் முறை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு மாறியவை மட்டும் சேர்வதால் காஜா எடுத்து முடிப்பதற்குள் முடிந்துவிடுகிறது.

பேக்கப்பைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டும் தேர்வு ஒன்று அங்கே உண்டு. அதைக் கட்டாயம் தேர்ந்தெடுங்கள். பூட்டாத பேக்கப்பில் சேமித்த கடவுச்சொற்கள், வைஃபை விவரம், அழைப்புப் பட்டியல், உடல்நலத் தகவல் எதுவும் சேராது. காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றும் என் நடைக்கணக்குகூட பூட்டியதில்தான் வரும். ஆனால் அந்தக் கடவுச்சொல் மறந்துபோனால் அந்தப் பேக்கப்பைத் திறக்க வழியே கிடையாது. நான் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வைத்திருக்கிறேன்.

உண்மையான சோதனை இந்தச் சித்திரையில் வந்தது. வேறு ஐபோன் வாங்கி, தொடக்க அமைப்பிலேயே கணினியிலிருந்து மீட்கும்படி கொடுத்தேன். செயலிகள் மட்டும் இணையத்திலிருந்து ஒவ்வொன்றாக இறங்கின. குறிப்புகளைத் திறந்து, மடத்துத் தெரு டீச்சரின் பெயரைத் தேடினேன். தோள், மார்பு, கை நீளம், "பட்டுக்கு மட்டும் அரை அங்குலம் தளர்த்தவும்" என்ற வரி உட்பட எல்லாம் இருந்தது. சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வாட்ஸ்அப் எண்ணைச் சரிபார்க்கச் சொன்னது, பழைய உரையாடல்களும் மாதிரிப் படங்களும் அப்படியே வந்தன. வங்கிச் செயலியில் மட்டும் புதிதாகப் பதிய வேண்டியிருந்தது. பணம் சம்பந்தப்பட்டது என்பதால் அது சரிதான்.

சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஏற்கெனவே ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுடில் இருக்கும் படங்களும் குறிப்புகளும் இந்தப் பேக்கப்பில் சேராது; என் குறிப்புகள் கைபேசியிலேயே இருந்ததால்தான் வந்தன. மீட்கும் கைபேசியின் ஐஓஎஸ் (ஐபோனின் இயங்குதளம்) பதிப்பு, பேக்கப் எடுத்த கைபேசியில் இருந்ததைவிடப் பழையதாக இருக்கக்கூடாது. பேக்கப் கோப்புறைக்குள் போய் ஒரு படத்தை மட்டும் எடுக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். உள்ளே இருப்பவை எண்ணும் எழுத்தும் கலந்த நீண்ட பெயர்கள். எது படம், எது குறிப்பு என்று புரியாது. அதனால் படங்களைத் தனியாகவும் நகலெடுத்துவிடுகிறேன்.

எனக்கு நிறைவில்லாத இடம் ஒன்று. பேக்கப் சி டிரைவில்தான் போய் உட்காருகிறது, வேறு இடம் தேர்ந்தெடுக்க அமைப்பில் வழியில்லை. சிறிய மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். அடுத்த பேக்கப் முந்தியதன் மேலேயே பதிவதால், தவறுதலாக ஒன்றை அழித்துவிட்டுப் பேக்கப் எடுத்தால் பழையதும் போய்விடும். ஆகவே மாதம் ஒருமுறை அந்தக் கோப்புறையை அப்படியே முழுதாக வெளி ஹார்ட் டிஸ்க்கில் தேதி போட்டு நகலெடுக்கிறேன். ஆடித் தள்ளுபடித் துணிகள் தைக்க வரத் தொடங்கியிருக்கின்றன. நேற்றிரவு கடை அடைத்த பிறகு இந்த மாதத்துக்கானதையும் எடுத்து முடித்துவிட்டேன்.