சோலார் சரி, பேட்டரி? இரண்டு கோடைகளுக்குப் பிறகு

2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பேனலுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆக இறங்கியதும் விழுப்புரத்திலிருந்து மச்சினன் கேட்க ஆரம்பித்துவிட்டான். "மாமா, பேட்டரியோட போட்டுடலாமா?" போனில் பதில் சொன்னால் அவன் அக்கா பக்கத்தில் நின்று திருத்தம் போடுவாள். அதனால் எழுதியே விடுகிறேன்.

எங்கள் வீடு ஊரப்பாக்கத்தில். 3 கிலோவாட் பேனல், பேனல்-பேட்டரி-ஈபி மூன்றையும் ஒன்றாகக் கையாளும் ஹைபிரிட் இன்வெர்ட்டர், 5 யூனிட் கொள்ளும் லித்தியம் பேட்டரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போனபோது இருட்டில் கிடந்த எரிச்சலில் முடிவு செய்து, 2024 கோடையில் போட்டது. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் வந்தது. அது பேனலுக்குத்தான். பேட்டரிக்கு ஒரு ரூபாய் கிடையாது. இப்போது இறங்கிய ஜிஎஸ்டியிலும் லித்தியம் பேட்டரிக்குப் பங்கில்லை, அது 18 சதவீதத்திலேயே நிற்கிறது. மச்சினன் இதை முதலில் குறித்துக்கொள்ளட்டும்.

பேனலைப் பற்றி எனக்குப் புகாரே இல்லை. சராசரியாக நாளைக்கு 12 யூனிட் தருகிறது. கோடையில் இரண்டு ஏசி ஓடும்போது இரண்டு மாதத்துக்கு 1100 யூனிட் பக்கம் போகும், பில் 8,000 ரூபாயைத் தாண்டும். இப்போது ரீடிங் 400-க்குள் அடங்கி, 1,200 ரூபாய்க்குள் முடிகிறது. இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. சோலார் கழிப்பது மேல் ஸ்லாபில் இருக்கும் யூனிட்டை. 2025 கட்டணப்படி 1000-ஐத் தாண்டிய யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல், அடுத்தது 10 சொச்சம், இப்படி விலை அதிகமான யூனிட்டிலிருந்துதான் குறைத்துக்கொண்டு வரும். 500-ஐத் தாண்டினால் கீழ் ஸ்லாபின் சலுகை விலையும் போய்விடும் என்பதால் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பதே ஒரு லாபம். ஆனால் என் மாமியார் வீடு மாதிரி இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடும் வீட்டில், முதல் 100 இலவசம் போக, பில்லே 700 ரூபாய்தான் வரும். அங்கே போய்ப் பேனல் போட்டால் போட்ட காசு எப்போது திரும்பும் என்று ஜோசியரைத்தான் கேட்க வேண்டும்.

பேனலைக் கழுவுவதில் மட்டும் கவனம். எங்கள் பகுதி போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதை ஊற்றிக் காயவிட்டால் கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்து, அப்புறம் தேய்த்தாலும் போகாது. நல்ல தண்ணீரில், வெயில் ஏறுவதற்கு முன்னால் துடைக்க வேண்டும்.

இனி பேட்டரி. ஹைபிரிட் இன்வெர்ட்டரும் அதுவும் சேர்ந்து ஒன்றரை லட்சத்துக்கு மேல் கூடுதலாக இழுத்தன. காசுக் கணக்கில் அது சம்பாதித்தது பூஜ்யம். பூஜ்யத்துக்கும் கீழே என்றே சொல்லலாம். நெட் மீட்டரில் பகலில் ஈபிக்குப் போகும் யூனிட்டை இரவில் அப்படியே கழித்துக்கொள்கிறார்கள். வீட்டு இணைப்புக்குப் பகலில் ஒரு விலை, ராத்திரியில் ஒரு விலை என்பதும் இங்கே இல்லை. அதே யூனிட்டை நாம் பேட்டரியில் ஏற்றி இறக்கினால் பத்தில் ஒரு பங்கு வழியிலேயே சூடாகிப் போகும். ராத்திரிக்குச் சேமிப்பதற்காகத்தான் பேட்டரி என்று விற்க வருகிறவர்களிடம் இந்தக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள், பேச்சு சட்டென்று சுற்றுச்சூழலுக்குத் தாவும்.

ஆனால் கரண்ட் போகும்போது கதை வேறு. எதிர் வீட்டில் 5 கிலோவாட் ஆன்கிரிட், அதாவது ஈபி லைனோடு மட்டும் இணைந்த சோலார், பேட்டரி கிடையாது. மாதாந்திர ஷட்டவுன் அன்று உச்சி வெயிலில் அவ்வளவு பேனலும் சும்மா காயும், உள்ளே ஃபேன் ஓடாது. கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேனுக்கு நம் வீட்டிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது என்பதால், லைனில் கரண்ட் இல்லையென்றால் அந்த இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். விதி நியாயமானதுதான். ஆனால் சோலார் போட்டால் கரண்ட் கட்டே இருக்காது என்று நம்பிப் போட்டவர்களின் முகத்தை அன்று பார்க்க முடியாது. எங்கள் வீட்டில் கரண்ட் போனதே தெரியாது. அடுத்த தெருவில் ஜெனரேட்டர் சத்தம் கேட்டால்தான், ஓஹோ, போயிருக்கிறது என்று புரியும். பழைய டியூபுலர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, முனையில் பச்சை பூத்ததைச் சுரண்டிய காலம் முடிந்தது. இந்த ஒரு சுகத்துக்கு விலை போட எனக்குத் தெரியவில்லை.

சரி, சுகம் என்று எழுதிவிட்டேன். மோட்டார் விஷயத்தையும் எழுதிவிட வேண்டும்.

பொருத்த வந்த அன்று எலக்ட்ரீஷியன், எந்தெந்த லைன் பேக்கப்பில் வேண்டும் என்று கேட்டார். ஃபேன், லைட், ஃபிரிட்ஜ், வைஃபை, பெட்ரூம் ஏசி ஒன்று என்றோம். மோட்டார்? "அது இழுக்காது சார்." எங்களுடையது ஒன்றரை ஹெச்பி போர் மோட்டார். ஓட ஆரம்பித்த பிறகு ஒரு கிலோவாட் சொச்சம்தான் எடுக்கும், ஆனால் கிளம்பும் அந்த நொடியில் அதைப்போல நாலைந்து மடங்கு கேட்கும். 3 கிலோவாட் இன்வெர்ட்டர் அலறிக்கொண்டு ட்ரிப் ஆகிவிடும். விளைவு என்ன? மேலே வெயில் கொளுத்துகிறது, ஆப்பில் பேட்டரி 100 சதவீதம் என்று பச்சையாகச் சிரிக்கிறது, குழாயைத் திறந்தால் காற்று வருகிறது. பந்தியில் இலை போட்டு, சோறு வைத்து, சாப்பிடாதே என்று கையைப் பிடித்துக்கொண்ட மாதிரி. ஷட்டவுன் என்றால் காலையிலேயே தொட்டியை நிரப்பிவிடலாம். சொல்லாமல் போகிற கரண்டுக்கு என்ன செய்வது? பேட்டரி போட்ட வீட்டில் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைக்கிறோம் என்று வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

புயலுக்காகத்தானே வாங்கினோம், அதிலும் ஒரு சிக்கல். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது முதல் ராத்திரி ராஜாவாக இருந்தோம். மறுநாள் வானம் கறுத்துக் கிடந்தது, பேனலிலிருந்து வந்தது சொற்பம். கரண்ட் நாள் கணக்கில் வராத நேரம் என்பது பெரும்பாலும் வெயிலும் வராத நேரம். ஏசியை மறந்து, ஃபேனையும் லைட்டையும் எண்ணி எண்ணிப் போட்டால் 5 யூனிட் ஒரு ராத்திரியும் கொஞ்சம் பகலும் தாங்கும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

ஆகஸ்டில் இன்வெர்ட்டர் போர்டு போனது. வாரண்டியில் இருந்ததால் காசு கேட்கவில்லை, கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. ஹைபிரிட்டில் எல்லாமே அந்த ஒரு பெட்டி வழியாகத்தான் போகிறது. அது போனால் பேனலும் இல்லை, பேட்டரியும் இல்லை. அதைவிடக் கொடுமை, பேக்கப் லைனில் இருந்த ஃபிரிட்ஜுக்கும் ஃபேனுக்கும், ஈபி கரண்ட் வாசல் வரை வந்து நின்றும், கரண்ட் இல்லை. இன்வெர்ட்டரைத் தாண்டி ஈபி கரண்டை நேராக வீட்டுக்குத் திருப்பும் பைபாஸ் சேஞ்ச்ஓவர் சுவிட்சை, போட்டுக்கொடுத்த கம்பெனி வைக்கவே இல்லை. அதைக் கேட்டதற்கு, கொட்டேஷனில் அது இல்லையே என்றார்கள். வந்த கோபத்தில் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. தெரு எலக்ட்ரீஷியன் வந்து ஒரு மணி நேரத்தில் சுவிட்ச் வைத்துக் கொடுத்தார். நீங்கள் போடுவதாக இருந்தால் கொட்டேஷனில் அந்த வரி இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்த இரண்டு வாரத்தில் வீட்டில் யாரும் பேனலைத் தேடவில்லை. பில்லில் சம்பாதித்துக் கொடுப்பது அதுதான், ஆனால் ஒருவர்கூடக் கேட்கவில்லை. ராத்திரி கரண்ட் போனபோதெல்லாம் எல்லாரும் கேட்டது, பேட்டரி எப்போது வரும் என்று.

மச்சினனுக்குப் பதில்: பேட்டரி வேண்டாம். பில் 5,000 ரூபாயைத் தாண்டுகிறது என்றால் ஆன்கிரிட் மட்டும் போடு, பழைய இன்வெர்ட்டரும் டியூபுலரும் ஃபேனுக்கு லைட்டுக்குப் போதும், ஒன்றரை லட்சம் கையில் இருக்கட்டும். உடனே கேட்டான், "அப்ப உங்க பேட்டரிய பாதி விலைக்கு எனக்குத் தரீங்களா மாமா?" தர முடியாது என்றேன். முழு விலை கொடுத்தாலும் தர முடியாது.

தரைத்தொட்டியிலிருந்து மாடித்தொட்டிக்கு ஏற்ற அரை ஹெச்பி மோட்டார் ஒன்று விலை கேட்டிருக்கிறேன். அதை பேக்கப்பில் போட்டால் இன்வெர்ட்டர் தாங்கும் என்கிறார் தெரு எலக்ட்ரீஷியன். கம்பெனிக்காரர் வாரண்டி போய்விடும் என்கிறார். எலக்ட்ரீஷியனை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.