கானாடுகாத்தான் வளவில் ஒரு பின்லாந்து ஆல்பம்

காரைக்குடியில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன் நான். 2020 ஏப்ரல் ஊரடங்கில் என் ஸ்பீக்கர் பாக்ஸ் எல்லாம் கடைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சும்மா கிடந்தன. சித்திரைக் கல்யாணம், கோயில் திருவிழா, காதுகுத்து, ஒன்றும் கிடையாது. பாக்ஸை ஓட்டாமல் போட்டுவைத்தால் எலி உள்ளே குடியேறி ஸ்பீக்கரின் காகிதக் கோனைக் கடித்துவிடும். கடைக்கு மேலேதான் வீடு என்பதால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாரத்துக்கு ஒருநாள் ஓட்டிப் பார்ப்பேன். என்ன போடுவது? சினிமாப் பாட்டைப் போட்டால் தெருவே எட்டிப் பார்க்கும். அப்போதுதான் இன்ஜினியரிங் படிக்கிற அக்கா மகன் ஒரு பென் டிரைவைக் கொடுத்தான். “மாமா, பேஸ் டெஸ்ட்டுக்கு இதைப் போடுங்க. கோன் கிழிஞ்சா நான் பொறுப்பில்ல.”

அதில் இருந்தது ஒரான்சி பசூசு என்கிற பின்லாந்து இசைக்குழுவின் ‘மெஸ்தரின் க்யுன்சி’. அதே மாதம் வெளியான ஆல்பம். பெயருக்கு ‘எஜமானின் நகம்’ என்று அர்த்தம் சொல்லலாம். 2007-ல் தொடங்கிய குழு, இது அவர்களுடைய ஐந்தாவது ஸ்டூடியோ ஆல்பம், ஆறு பாட்டு, ஏறத்தாழ 50 நிமிடம். பிளாக் மெட்டல் என்று வகைப்படுத்துகிறார்கள், அலறல் குரலும் அதிவேக கிட்டாரும் டிரம்முமாகப் போகிற ராக் இசை. ஆனால் பாதி நேரம் அதில் மெட்டலே இருக்காது. சிந்தசைசர் இரைச்சல், எங்கேயோ கதவு திறந்து மூடுகிற மாதிரி ஓசை, ஒரே தாளத்தைப் பத்து நிமிடம் விடாமல் பிடித்து இழுப்பது என்று போகும். ஒரான்சி என்றால் ஆரஞ்சு. பசூசு பழைய மெசபடோமியாவின் காற்றுப் பேய். பேய் என்றாலும், லமஷ்த்து என்ற இன்னொரு கொடியவளிடமிருந்து கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் காப்பாற்ற இதன் தலையைத்தான் தாயத்தாகக் கட்டுவார்களாம். பயமுறுத்துகிற முகமே காவலுக்கும் நிற்கும் என்பது கருப்பர் எல்லையில் வளர்ந்தவனுக்குப் புதுசில்லை.

முதல் தடவை கேட்டபோது பிடிக்கவில்லை. என் தொழில் புத்தி குறுக்கே நின்றது. பாடுகிறவர் குரல் பின்னால் எங்கேயோ கிடக்கிறது. கரகரவென்று ஒரு பிராண்டல், அவ்வளவுதான். எங்கள் மேடையில் இப்படி மிக்ஸ் பண்ணினால் பாட்டுக்காரர் மைக்கைக் கீழே போட்டுவிட்டு இறங்கிவிடுவார். ஒரு வரியாவது தெளிவாகக் கேட்கிறதா என்று காதைத் தீட்டினேன். கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பின்னிஷ் எனக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

ஆனால் தலைப்புகளை மருமகன் பிரித்துப் பிரித்துச் சொன்னபோது ஒரு சுவாரசியம் பிடித்துக்கொண்டது. பின்னிஷில் குறில் நெடில் மாறினால் பொருள் மாறும், ஒற்று இரட்டித்தாலும் மாறும். துலி என்றால் நெருப்பு, தூலி என்றால் காற்று, துல்லி என்றால் சுங்கம். நமக்குப் படு, பாடு, பட்டு. ஐந்தாவது பாட்டின் தலைப்பு ‘கூலென் ஏனியா மான் அல்த்தா’. கூலென் என்ற ஒரே சொல்லில் ‘கேட்கிறேன்’, நான் என்பது தனியாக வேண்டாம். மான் அல்த்தா ‘மண்ணுக்கு அடியிலிருந்து’. நாம் சொல்கிற வரிசையிலேயே மண் முன்னால், அடி பின்னால். மூன்றாவது பாட்டு ‘ஊசி தெக்னொக்ரதியா’. அங்கே ஊசி என்றால் ‘புதிய’. கடைசிப் பாட்டு ‘தைவான் போர்த்தி’, அதற்கும் தைவான் நாட்டுக்கும் சம்பந்தமில்லை, வானத்தின் வாசல். ஆறு தலைப்புகளையும் வரிசையாக வைத்தால் (வெளிப்பாடு, வெறுமையின் சடங்கு, புதிய தொழில்நுட்ப ஆட்சி, நேர்மையாளர் கூடம், மண்ணடிக் குரல்கள், வான வாசல்) ஒரு சாமியார் கூட்டத்தைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டுபோகிற கதை மாதிரி எனக்குப் படுகிறது.

அப்புறம் தொழில் திரும்ப ஆரம்பித்தது, பென் டிரைவ் மேஜை டிராயரில் போய்விட்டது. அது மறுபடி வெளியே வந்தது கானாடுகாத்தானில் ஒரு சாந்தி கல்யாணத்துக்கு, அதாவது அறுபதாம் கல்யாணத்துக்கு. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளுகிற செட்டிநாட்டு வீடு. சொந்தக்காரர்கள் வெளிநாட்டில். வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியே இருக்கும். முதல் நாள் ராத்திரியே போய் வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய தூண் கூடத்தில், ரெண்டு டாப், ரெண்டு பேஸ் பாக்ஸ் இறக்கினோம். வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் தரை, வழவழப்பான பர்மாத் தேக்குத் தூண். சத்தத்தைக் குடிக்க ஒரு பஞ்சு மெத்தைகூடக் கிடையாது. கைதட்டினால் தட்டின கை இறங்கின பிறகும் கேட்கும். இந்த மாதிரி இடத்தில் எங்களுக்கு எக்கோவோடு சண்டை போடுவதே வேலை. எந்த இடத்தில் மைக் கூவும், எங்கே பேஸ் குவியும் என்று பார்க்க ஏதாவது ஓட்ட வேண்டும். டிராயரிலிருந்து பைக்குள் எப்படி வந்ததோ, அதுதான் கையில் சிக்கியது.

இரண்டாவது பாட்டு ‘த்யுஹ்யூதென் சக்ரமென்த்தி’ தொடங்கினபோது நான் மிக்சர் பக்கத்தில் நின்றேன். மெதுவான தாளம், அடியில் ஒந்த்தோ என்கிறவரின் பேஸ் கிட்டார். அடித்த ஒவ்வொன்றையும் வீடு வாங்கி வைத்துக்கொண்டு, கொஞ்சம் பொறுத்துத் திருப்பிக் கொடுத்தது. கடைக்குள் நெருக்கியடித்துக் கேட்டது அங்கே மூச்சு விட்டது. வெறுமையின் சடங்கு என்ற தலைப்பு அந்தப் பூட்டிக் கிடந்த வீட்டில் எனக்கு வேறு மாதிரி கேட்டது. நான்காவது பாட்டு ‘நேர்மையாளர் கூடம்’. வயலின் மாதிரி இழைகிற ஒலி மேலே மேலே சுற்றி ஏறும். மேலே பார்த்தேன். தலைப்பாகை, ஜரிகை வேட்டியோடு வரிசையாக மாட்டியிருந்த ஐயாக்களின் படங்கள் சாய்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. மொத்த ஆல்பத்தில் இதுவே எனக்கு முதலிடம்.

ஆனால் முழுக்கப் புகழ முடியாது. மூன்றாவது பாட்டில் வேகமாக ஓடுகிற சின்னச் சுரக்கோவை ஒன்று இருக்கிறது. ஒன்றின் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்தது வந்து விழுந்து, வளவில் எல்லாம் கூழாகிவிட்டது. கடைசிப் பாட்டு அதைவிட மோசம். முழு வேகத்தில் கோர்யக் என்கிறவர் டிரம் அடிக்க, ஒரே இரைச்சல் சுவர் நிமிடக்கணக்கில் நிற்கிறது. வாசலில் பலகையைப் போட்டு அடைத்த மாதிரி இருந்தது. அதையே வீட்டுக்கு வந்து ஹெட்போனில் கேட்டால் அந்தச் சுவருக்குள் ஒரு மெட்டு படிப்படியாக ஏறுவது தெரிகிறது. ஆக, மெதுவான பாட்டுகளுக்குப் பெரிய கூடம், வேகமான பாட்டுகளுக்கு ஹெட்போன். ஐந்தாவது பாட்டு எங்கே போட்டாலும் எனக்கு ஒட்டவில்லை. கம்ப்யூட்டர் தாளம் மாதிரி தட்டிக்கொண்டே இருக்கிறது, போய்ச் சேருகிற இடம் தெரியவில்லை. மருமகனோ அதுதான் ஆல்பத்திலேயே துணிச்சலானது என்கிறான். சரி, அவன் காது இருபது வயதுக் காது.

வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒன்று. போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இதில் பாதி விஷயம் பேஸில் இருக்கிறது, போனில் அது வரவே வராது. முதல் பாட்டு ‘இல்மெஸ்த்யுஸ்’ ஆரம்பத்தில் கம்மி சத்தத்தில் ஊர்கிறதே என்று வால்யூமைத் திருகவும் வேண்டாம். பின்னால் வருகிறதை என் பேஸ் பாக்ஸே தாங்கித்தான் நின்றது.

அன்றைக்கு நான்காவது பாட்டு பாதியில் ஓடும்போது இரண்டாங்கட்டிலிருந்து ஆச்சி வந்தார். எண்பது வயது இருக்கும். தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார்.

“தம்பி, ஜெனரேட்டரு ஏதும் ரிப்பேரா?”

“இல்லங்க ஆச்சி, பாட்டு. பின்லாந்துப் பாட்டு.”

“பாட்டா?” என்று இன்னும் ஒரு நிமிடம் நின்றார். “எங்க அப்பச்சி இருந்தப்ப இந்த வளவுல நாயனம் வாசிச்சா இப்படித்தான் சுத்திச் சுத்தி வரும். சரி, காலையில மொதல்ல பிள்ளையார் பாட்டைப் போட்டுரு.”

நான்கரைக்கு பிள்ளையார் பாட்டுப் போட்டேன். 2024-ல் குழுவின் அடுத்த ஆல்பம் ‘மூன்தவுதுயா’ வந்துவிட்டது, அதுவும் இப்போது பென் டிரைவில் இருக்கிறது. தை மாசம் கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம் புக் ஆகியிருக்கிறது. முதல் நாள் ராத்திரியே வந்து செட் பண்ணிவிடுகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.