நம்ம எள்ளை நம்ம கண்ணு முன்னாடியே ஆட்டிக் குடுக்கற மரச்செக்கு கடை (ஈரோடு)

மொதல்ல நான் எதுக்கு செக்குக்கு மாறுனேன்னு சொல்லிடறேன். ஒரு கடையில விலை கம்மியா இருக்கேன்னு நல்லெண்ணெய்னு நெனச்சு ஒரு பாட்டில் எடுத்துட்டு வந்துட்டேன், முன்னாடி பெருசா எள்ளுப் படம், ராத்திரி இட்லிப்பொடிக்கு ஊத்தப் போறப்ப அம்மா தான் திருப்பிப் பாத்துட்டு "இது வெளக்குக்கு ஊத்தறது கண்ணு"ன்னாங்க. கீழ பொடி எழுத்துல தீப எண்ணெய், சமையலுக்கு அல்லன்னு இருக்கு. சின்னக் குழந்தை இருக்கற வீடுங்க, எனக்கு கை நடுங்கிருச்சு.

அதுக்கப்புறம் தான் லேபிளே படிக்க ஆரம்பிச்சேன். ரெண்டு எண்ணெய கலந்து விக்கறது சட்டப்படி தப்பில்ல, ஆனா ஒவ்வொரு எண்ணெயும் கொறஞ்சது 20 சதவீதம் இருக்கணும், எது எவ்வளவுன்னு லேபிள்லயே போடணும். படத்த பாத்து வாங்காதீங்க, பின்னாடி திருப்புங்க.

இப்ப கடைக்கு வரேன். சிவகிரி எள்ளு 5 கிலோ வாங்கி கழுவிக் காயவெச்சு எடுத்துட்டுப் போனேன். செக்குக்கார அண்ணன் மூட்டைக்குள்ள கைய விட்டு நாலு எள்ள எடுத்து வாயில போட்டு கடிச்சுப் பாத்துட்டு, "இன்னும் ஒரு வெயில் வேணுங்க, ஈரத்தோட ஆட்டுனா சீக்கிரம் சிக்கு வாடை வந்துரும்"னு திருப்பி அனுப்பிட்டாரு. வந்த வேலைய வேண்டாம்னு சொல்ற மனசு இருக்கே, அங்கயே எனக்கு நம்பிக்கை வந்துருச்சு.

மறுநாள் பக்கத்துலயே நின்னு பாத்தேன். வாகை மரத்து செக்கு, மோட்டார்ல தான் ஓடுது, ஆனா உலக்கை மெதுவா தான் சுத்துது. எள்ளு மாவா ஆனதும் கருப்பட்டிய தட்டிப் போட்டு லேசா தண்ணி தெளிச்சாரு, கொஞ்ச நேரத்துல மாவு திரண்டு ஒதுங்கி எண்ணெய் கசிஞ்சு வந்துச்சு பாருங்க, அந்த வாசம் தெருவுக்கே வந்துச்சு. 5 கிலோவுக்கு ஏறக்குறைய 2 லிட்டர் கெடச்சுது. புண்ணாக்க மாட்டுக்கு கொண்டு வந்துட்டோம்.

ரீஃபைண்ட் எண்ணெய் வேற கதை. பெரும்பாலும் ஹெக்சேன்ங்கற சால்வென்ட் (எண்ணெயக் கரைச்சு எடுக்கற திரவம்) ஊத்தி எண்ணெயப் பிரிச்சு, அப்புறம் அந்த சால்வென்ட ஆவியாக்கி எடுத்துட்டு, நெறத்த எடுத்து, 200 டிகிரிக்கு மேல நீராவி விட்டு வாசத்தையும் எடுக்கறாங்க. அதுக்காக செக்குன்னாலே எல்லாம் சுத்தம்னு நம்பிடாதீங்க. கடலையில பூஞ்சை இருந்தா அந்த அஃப்லாடாக்சின் விஷம் செக்கு எண்ணெயிலயும் இறங்கும், ரீஃபைன் பண்றப்ப அது பெரும்பாலும் போயிரும், செக்குல போக வழியில்ல. அதனால கடலை ஆட்டறதா இருந்தா சுருங்கினது கறுத்தது எல்லாத்தையும் வீட்லயே உக்காந்து பொறுக்கிட்டு கொண்டு போங்க.

கடையில பாட்டில்ல ரெடியாவும் விக்கறாங்க, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லைசென்ஸ் நம்பரும் ஆட்டுன தேதியும் தெளிவா இருக்கு. லிட்டர் கணக்கா கிலோ கணக்கான்னு மட்டும் கேட்டுக்கோங்க, ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் தான் வரும்.

ஒரே கொறை, ஆட்டுன எண்ணெய பிளாஸ்டிக் கேன்ல ஊத்திக் குடுக்கறாங்க. போறப்ப வீட்டு எவர்சில்வர் தூக்கு எடுத்துட்டுப் போயிருங்க, வந்ததும் வாயில துணி கட்டி ரெண்டு நாள் வெயில்ல வெச்சா கசடு அடியில தங்கிரும், மேல தெளிஞ்சத மட்டும் வடிச்சு எடுத்துக்கலாம்.