கேன்வாஸா, காடாவா, பழைய ஜீன்ஸா? வீட்டில் பை தைக்க எது சரி?

நான் முதலில் தைத்த பை இரண்டு தேங்காய், மூன்று கிலோ வெங்காயத்துக்கே கைவிட்டது. துணி கிழியவில்லை. கைப்பிடியை வைத்துத் தைத்த இடம்தான் பிரிந்து வந்துவிட்டது. அன்றிலிருந்து துணி எடுக்கும்போது, கைப்பிடி சேரும் இடத்தில் என் மெஷின் எத்தனை மடிப்பைத் தைக்கும் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

கேன்வாஸ் வாங்கும்போது ஒரு விஷயம். துணிக்கடையில் வெறுமனே 'கேன்வாஸ்' என்று கேட்டால், பிளவுஸ் கழுத்துக்கு வைக்கிற விறைப்பான துணியை எடுத்துப் போடுவார்கள். பை தைக்க என்று சொல்லிக் கேளுங்கள். 10 அவுன்ஸ், அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 340 கிராம் எடையுள்ள துணி காய்கறிப் பைக்குத் தாராளம். லைனிங் வேண்டாம், தானாகவே நிற்கும். சிக்கல் வாய்ப்பக்கத்தில்தான். ஓரத்தை இரண்டு முறை மடித்தால் மூன்று அடுக்கு. அதே துணியில் வார் வெட்டி நாலாக மடித்து வைத்தால் இன்னும் நாலு. ஏழு அடுக்கு கேன்வாஸில் சின்ன மின்சார மெஷின் முனகிக்கொண்டு நின்றுவிடும். வாருக்குப் பதில் பருத்தி நாடா வாங்கி வைத்தால் நாலே அடுக்கு. 16 ஆம் நம்பர் ஊசி போட்டு, தையலைக் கொஞ்சம் நீளமாக வைத்து, கெட்டியான இடத்தில் சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஊசி இறங்கிவிடும். நாடாவின் அடியில் சதுரமாகத் தைத்து, உள்ளே குறுக்கே பெருக்கல் குறி போல் அடியுங்கள். எடை முழுவதும் அந்தச் சதுரத்தில்தான் தொங்குகிறது.

காடா பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறியில் நெய்து வெளுக்காமல் வரும் துணி. விலை குறைவு, 14 ஆம் நம்பர் ஊசியே போதும். ஆனால் கடையில் தொட்டுப் பார்க்கும்போது தெரிகிற விறைப்பு கஞ்சியால் வந்தது. ஒரு துவைப்பில் போய்விடும், துணியும் சுருங்கும். அதனால் ராத்திரி முழுக்க ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். கேன்வாஸுக்கும் இதைச் செய்துவிடுங்கள். ஒற்றைக் காடா வெங்காயத்துக்குத் தொய்ந்துபோகும். இரட்டையாக, உள்ளே ஒரு பை வெளியே ஒரு பை என்று தைத்தால் பிசிறும் வெளியே தெரியாது, கைப்பிடியிலும் எட்டு அடுக்கு வந்தாலும் ஊசி அலுங்காமல் இறங்கும். புதிதாகத் தைப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஜீன்ஸ் காசில்லாமல் கிடைக்கிறது, அதுதான் அதன் பெருமை. காலின் பக்கத்தையலை அப்படியே விட்டு வெட்டினால் அந்த இடத்தில் ஊசி ஒடியும், தள்ளி வெட்டினால் அகலம் பத்தாது. இழுத்துப் பார்த்து நீளுகிற ஜீன்ஸ் என்றால் தொடவே வேண்டாம், பை நாளடைவில் முழங்கால் வரை தொங்கும்.

வீட்டில் பழைய கால்மிதி மெஷின் இருக்கிறதா? அப்புறம் யோசிக்க வேண்டாம், கேன்வாஸே எடுங்கள். அந்தக் கனமான இரும்பு உடம்புக்கு நாலு அடுக்கெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.