நிற்கும் படகுக்கும் பசிக்கும்: பாயா, ஹைட்ரஜனா, சமையல் எண்ணெயா?

கோடையில் ஸ்பெயினின் ஃபோர்மென்டெரா தீவுப் பக்கம் சொகுசுப் படகுகள் வரிசையாக நங்கூரமிட்டு நிற்கும். ஒன்றும் நகராது. ஆனால் உள்ளே ஜெனரேட்டர் ஓயாது: ஏசி, குளிர்பதன அறை, கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம், நீச்சல் குளத்து பம்ப். இவை வருடத்தில் ஓடும் நாளைவிட நிற்கும் நாள்தான் மிக அதிகம். அதனால் யார் எந்தப் பசுமை வழியைச் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, படகு நிற்கும்போது அது எதற்கு ஆகும் என்பதுதான்.

பாய்மரம் பார்க்க அழகு. 2018இல் வந்த பிளாக் பேர்ல் என்ற பாய்மரச் சொகுசுப் படகு 106 மீட்டர் நீளம். மூன்று பாய்மரங்களில் சுமார் 2,900 சதுர மீட்டர் பாய். மேலே ஆள் ஏற வேண்டியதில்லை. பாய் மரத்துக்குள்ளிருந்தே விரிகிறது, காற்றுக்கேற்ப மரமே திரும்புகிறது. பாயில் போகும்போது ஓடும் தண்ணீரால் சுழலும் புரொப்பெல்லர் மின்சாரமும் தருகிறது. அட்லாண்டிக்கைக் கடக்க என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் நங்கூரம் போட்டதும் பாய் சுருண்டுவிடும். சேமித்த மின்சாரம் தீர்ந்தால் மறுபடி ஜெனரேட்டர்தான்.

ஹைட்ரஜன் இதற்கு நேர் எதிர். நெதர்லாந்தின் படகு கட்டும் நிறுவனமான ஃபீட்ஷிப் 2024இல் நீரில் இறக்கிய பிரேக்த்ரூ என்ற படகு, மைனஸ் 253 டிகிரியில் நான்கு டன் திரவ ஹைட்ரஜனைச் சுமக்கிறது. ஹைட்ரஜனை எரிக்காமலே மின்சாரமாக்கும் ஃபியூயல் செல் வழியாக ஒரு வாரம் புகையில்லாமல் நிற்கலாம் என்கிறார்கள். நான் கேட்டது இதைத்தான். ஆனால் கணக்குப் போட்டால் அந்த நான்கு டன்னில் இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 13,000 லிட்டர் டீசல் அளவுதான். அதற்கே ஓர் அறையை விழுங்கும் இரட்டைச் சுவர்த் தொட்டி வேண்டும். நெடும்பயணத்துக்கு வேறு எரிபொருள்தான். உலகில் ஹைட்ரஜனில் பெரும்பங்கு இன்னும் இயற்கை எரிவாயுவிலிருந்தே வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எச்விஓ. பஜ்ஜி சுட்டு மிஞ்சிய எண்ணெய் போன்றவற்றை ஹைட்ரஜனால் பதப்படுத்திய டீசல் இது. பெரும்பாலும் எஞ்சினை மாற்ற வேண்டாம், நின்றாலும் ஓடினாலும் உதவும். புகைபோக்கியில் கார்பன் குறையாது; மூலப்பொருள் உண்மையிலேயே கழிவாக இருந்தால்தான் மொத்தக் கணக்கில் லாபம். புதுப் பாமாயிலைப் பழசென்று விற்றால் எல்லாம் வீண். லாரி, விமானம் என்று அந்த எண்ணெய்க்கு வேறு பந்திகளும் காத்திருக்கின்றன.

சரி, எரிபொருளை விட்டுவிட்டு நங்கூரத்தைப் பார்ப்போம். காற்று திரும்பும்போதெல்லாம் படகும் திரும்பும். கீழே கிடக்கும் சங்கிலி அரைவட்டமாகத் தரையைச் சுரண்டும். அங்கே இருப்பது பொசிடோனியா என்ற கடற்புல். வருடத்துக்கு ஏதோ ஒரு சென்டிமீட்டர் பரவுகிற செடி அது. பிரான்ஸ் 2019 முதல் 24 மீட்டருக்கு மேற்பட்ட படகுகள் அதன்மேல் நங்கூரமிடக் கட்டுப்பாடு போட்டுவிட்டது. உடனே சிலர் காட்டும் மாற்று, எஞ்சின்களாலேயே படகை ஓரிடத்தில் நிறுத்தி வைப்பது. புல் பிழைக்கும், ஆனால் நாள் முழுக்க எரிபொருள் போகும். கடலடியில் நிரந்தரமாகப் பிணைத்த மிதவையில் படகைக் கட்டுவது எவ்வளவோ மேல்.

பழைய ஐம்பது மீட்டர் படகு வைத்திருப்பவருக்கு நான் சொல்வது மிதவை, நம்பகமான எச்விஓ, கூடவே வேகக் குறைப்பு. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் எஞ்சினுக்குத் தேவையான சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும். அதற்கு எந்தப் புதுத் தொட்டியும் வாங்க வேண்டாம், விருந்தாளிகள் மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்வார்கள்.